பால் பிளேட்டா, லாக் தேர்வா? புரதத்தை வெளியே அனுப்பாத மியூட்டன்ட்டை (மரபணு மாறிய பாக்டீரியாவை) தேட எது வசதி

காட்பாடி லேபில் போன வருடம் இரண்டு வழிகளுக்கும் நடுவே நின்று யோசித்து, கடைசியில் பால் பிளேட்டைத்தான் எடுத்தேன். இன்றும் அதன் பக்கம்தான்.

முதலில் மற்றதை, அதாவது லாக் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். ஈ.கோலை பாக்டீரியா உள்சவ்வைத் தாண்டி அனுப்பும் மால்-ஈ புரதத்தோடு, லாக்டோஸை உடைக்கும் பீட்டா கேலக்டோசிடேஸ் நொதியை ஒட்டிவிட்டால், அது வெளியேறும் வழியில் சவ்விலேயே சிக்கிக்கொள்ளும், வேலை செய்யாது. வெளியேற்றம் பழுதானால் நொதி உள்ளேயே தங்கி வேலை செய்யும். காலனி லாக்டோஸில் வளரும். 1981-ல் பெக்வித் ஆய்வகம் செக்-ஏ மரபணுவைப் பிடித்தது இப்படித்தான். இல்லாவிட்டால் செல்லே செத்துப்போகிற அப்படிப்பட்ட மரபணுதான் வேண்டுமென்றால் பால் பிளேட் உதவாது. அதற்கு லாக் தேர்வுதான். ஆனால் அந்த மியூட்டன்ட் 30 டிகிரியில் வளர்ந்து 42-ல் சாகிறதா என்று பார்க்க வேண்டும். நான் இதைச் செய்தது ஒரே முறை. மே மாதம், கரண்ட் போய், 30 டிகிரி இன்குபேட்டர் வேலூர் வெயிலோடு சேர்ந்துகொண்டது. அதனால் இந்த வழியைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

பால் பிளேட்டுக்கு முட்டைக்கோஸ் கருப்பழுகலுக்குக் காரணமான சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ் பாக்டீரியா போதும். கொழுப்பு நீக்கிய பால்பவுடரைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து, அகாரில் கலந்து ஊற்ற வேண்டும். அதிக நேரம் வைத்தால் பழுப்பேறிவிடும். 28 டிகிரியில் வைத்தால் வெள்ளைத் தட்டில் வழவழப்பான மஞ்சள் காலனி, அதைச் சுற்றித் தெளிந்த வளையம்: காலனி வெளியே அனுப்பும் புரோட்டியேஸ் என்ற நொதி பால் புரதத்தை உடைத்த இடம் அது. வளையம் இல்லாததுதான் நாம் தேடுவது.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். புரோட்டியேஸ் மரபணு மட்டும் உடைந்திருந்தாலும் வளையம் வராது. அதனால் ஒரே பல்குத்தும் குச்சியால் பால் பிளேட்டிலும் ஸ்டார்ச் பிளேட்டிலும் தொட்டு வையுங்கள். வளர்ந்தபின் ஸ்டார்ச்சில் அயோடின் ஊற்றுங்கள்; அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை உடைத்த இடம் மட்டும் நீலமாகாது. இரண்டிலும் வளையம் இல்லையென்றால், இரண்டு நொதிகளுக்கும் பொதுவான வாசல் பழுதாகியிருக்கலாம். 'கலாம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன்: ஆர்பிஎஃப் போன்ற கட்டுப்பாட்டு மரபணு கெட்டால் நொதிகளின் உற்பத்தியே குறைந்து, இரண்டு வளையமும் போய்விடும். அப்போது காலனியின் வழவழப்பும் குறையும். அது ஒரு குறிப்பு.

பிரித்தறிய செல்லை உடைத்துப் பார்க்க வேண்டும். வெளியேற்றம் மட்டும் பழுதானால், அமைலேஸ் இரு சவ்வுகளுக்கு நடுவே தேங்கி நிற்கும். லாக் தேர்வில் உயிர்பிழைத்த காலனிகளில் ஒட்டிய புரதத்தை வெளியே அனுப்பச் சொல்லும் சிக்னலிலேயே மாற்றம் நேர்ந்தவையும் கலந்து வரும். அவற்றைக் கழிக்க மரபணுவை இன்னொரு செல்லுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். பால் பிளேட் வழியில் ஒரு சொட்டு போதும். வளையமே காட்டாத ஒரு காலனியின் உடைந்த செல் சாற்றை ஸ்டார்ச் தட்டில் வைத்து, சில மணி நேரம் கழித்து அயோடின் ஊற்றினேன். கருநீலத்துக்கு நடுவில் தெளிவாக ஒரு வெள்ளைப் பொட்டு.