மின் ஆட்டோ: வீட்டு சார்ஜா, மாற்று பேட்டரியா?

தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை முன்னோடியாகக் குறித்த ஆறு நகரங்களில் மதுரையும் ஒன்று. இங்கே மின் ஆட்டோவுக்கு மாற நினைப்பவருக்கு இரண்டு வழிகள். பேட்டரியோடு வண்டி வாங்கி வீட்டில் சார்ஜ் போடுவது ஒன்று. வண்டியை மட்டும் வாங்கி, நிலையத்தில் காலி பேட்டரியைக் கொடுத்து நிரம்பியதை மாட்டிக்கொள்வது இன்னொன்று. பேட்டரி இல்லாத வண்டியைப் பதிவு செய்ய மத்திய அரசு 2020-லேயே வழிவிட்டது.

சொந்த வீடு, வாசலில் இடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வீட்டு சார்ஜ்தான். சுமார் ஏழரை யூனிட் பிடிக்கும் பேட்டரி நான்கு மணி நேரத்தில் ஏறிவிடும். ராத்திரி செருகினால் விடியற்காலை மாட்டுத்தாவணி சவாரிக்குத் தயார்.

ஆனால் செல்லூர் சந்துக்குள் காம்பவுண்ட் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? வண்டி நிற்பது தெருமுனையில், பிளக் இருப்பது மாடியில். சப்-மீட்டருக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் ரேட். அவருக்கு மாற்று பேட்டரிதான் சரி. சில நிமிடங்களில் வேலை முடியும், வண்டி விலையும் குறையும், பேட்டரி தேய்ந்தால் அந்தச் செலவு நிறுவனத்தோடது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டணம் உண்டு. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி வண்டியில் பொருந்தாததுதான் பெரிய தலைவலி. மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2022 வரைவுக் கொள்கை இதைப் பேசியது.

பேட்டரி மாற்றும் நிலையங்களுக்கு மானியத்தைவிட இடம்தான் முக்கியம். பெரியார், ஆரப்பாளையம் பேருந்து நிலையங்களின் ஓரத்தில் மாநகராட்சி இடம் ஒதுக்கி, மின்வாரியம் இணைப்பைத் தாமதிக்காமல் கொடுத்தால், முதல் போட நிறுவனங்கள் வரும். வாடகை வீட்டு ஓட்டுநர்களும் அப்புறம் தைரியமாக மாறுவார்கள்.