பழைய ஃபைபர்கிளாஸ் படகு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரில் பழைய படகைச் சீர்செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். 3,200 வெள்ளி கட்டி நான் படித்த பாடம்.

என்னுடையது 16 அடிப் பாய்மரப் படகு, 1980களில் செய்தது. சாங்கிப் பக்கம் பல வருடம் தண்ணீரிலேயே கட்டிக் கிடந்ததை மலிவாக வாங்கினேன். கரையேற்றிப் பார்த்தால் அடிப்பகுதி முழுக்கக் கொப்புளம். சில மிளகு அளவு, சில ஐம்பது காசு அகலம்.

தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்து பார்த்தார். தமிழர்தான். "கவலைய விடுங்க தம்பி, பத்தே நாள், புதுப் படகு மாதிரி ஆக்கித் தந்துடறேன்" என்றார். வாய் நிறைய 'தம்பி' என்கிறவரிடம் எழுதிக் கேட்க எனக்குக் கூச்சம். பாதிப் பணத்தைப் பேநவ்வில் (போன் வழியாக வங்கிப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பினேன். ஒன்பதாம் நாளே போன் வந்தது. போனால், முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படியொரு பளபளப்பு. மீதியையும் அங்கேயே நின்று அனுப்பிவிட்டேன்.

அது டிசம்பர். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏனென்றால், இந்தக் கொப்புளம் வெறும் பெயிண்ட் உப்பல் இல்லை. படகின் மேலே இருக்கும் வழவழப்பான பூச்சு, அதாவது ஜெல்கோட், அதன் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. கண்ணாடி இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசினான ரெசினில் சரியாக இறுகாமல் கிடக்கும் சரக்கு அதில் கரைகிறது. அந்தக் கரைசல் மேலும் தண்ணீரை இழுக்க, உள்ளே அழுத்தம் ஏறி ஜெல்கோட்டைத் தூக்குகிறது. ஆகவே கெட்ட இடத்தைத் திறந்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, காயவிட வேண்டும். கழுவாவிட்டால் உள்ளே மிச்சமிருக்கும் சரக்கே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்வதற்கு வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு ஆகும். நம்ம ஊர்க் காற்றின் ஈரத்துக்குக் கூரையும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் இல்லாமல் நடக்காது. அதற்குப் பிறகுதான் தண்ணீரைத் தடுக்கும் எபாக்சி பூச்சு, அதுவும் ஒரு பூச்சில்லை, பல பூச்சு. ஒன்பது நாளில் இதில் எதைச் செய்திருக்க முடியும்?

ஆறு வாரம் தண்ணீரில் கிடந்தது. மறுபடி கரையேற்றினால் பழைய இடங்களிலேயே கொப்புளம். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாவைக் கூட்டிப் போனேன். ஒரு வெள்ளிக் காசை எடுத்து அடிப்பகுதியில் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக். திடீரென்று 'பொத்'. அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். பழுப்பாக ஒரு நீர் வழிந்தது, வினிகர் வாடையோடு. சுரண்டச் சுரண்ட இளஞ்சிவப்பாகப் பட்டி பெயர்ந்து வந்தது. "கார் கதவுக்குப் போடற பட்டிடா இது" என்றார் மாமா. தண்ணீரை உறிஞ்சக்கூடிய சாமான். கொப்புளத்தைத் திறக்கவே இல்லை. மேலே உப்புத்தாள் போட்டு, பட்டி தடவி, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

போன் செய்தேன். "கடல் தண்ணி தம்பி, கொப்புளம் வரத்தான் செய்யும்" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

பயனீட்டாளர் சங்கத்தில் விசாரித்துவிட்டு சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் மனுப் போட்டேன். 5,000 வெள்ளி வரை கேட்டால் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வக்கீல் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் கையில் ஆதாரமாக இருந்தது பேநவ் ரசீதும் 'பத்து நாள்' என்ற ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவும் மட்டுமே. என்ன வேலை, எந்தச் சரக்கு, எத்தனை பூச்சு, ஒரு வரி எழுத்தில் இல்லை. கடைசியில் 1,400 வெள்ளிக்குச் சமரசமாகப் போனேன்.

இப்போது வேறொருவரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் ஜெல்கோட்டை உரித்த அன்றே படம் அனுப்பினார். வாரா வாரம் ஈரமானியை வைத்து அளவையும் அனுப்புகிறார். ஏழு வாரம் ஆகிறது, "இன்னும் காயலண்ணே" என்கிறார். நீங்களும் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். மீதிப் பணத்தை அதுவரை கையில் வைத்திருங்கள்.

பழைய ஆளின் விளம்பரம் போன வாரமும் கண்ணில் பட்டது. முதல் படமே என் படகுதான், டிசம்பர் பளபளப்போடு.