எஸ்எஸ்என், இஐஎன், மறுப்பு: வீட்டு டேகேர் நடத்துபவர் பெற்றோருக்கு எந்த எண்ணைத் தருவது?

பிப்ரவரி பிறந்ததும் அமெரிக்காவில் வீட்டில் டேகேர் நடத்துபவர்களின் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வரிசையாக வந்து விழும்: "ஆன்ட்டி, டாக்ஸ் ஐடி அனுப்புங்க, இன்னைக்கே ஃபைல் பண்றோம்." அவசரத்தில் சிலர் சோஷியல் செக்யூரிட்டி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சிலர் பதிலே போடுவதில்லை. இன்னும் சிலர் கணவரின் எண்ணைத் தருகிறார்கள். மூன்றுமே தவறு. ஆனால் மூன்றும் ஒரே அளவு தவறல்ல.

பெற்றோர் இந்த எண்ணைக் கேட்பது படிவம் 2441-க்காக. 13 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த பணத்துக்கு வரிச் சலுகை கேட்கும் படிவம் அது. அதன் முதல் பகுதியில் பராமரிப்பாளரின் பெயர், முகவரி, அடையாள எண், கொடுத்த தொகை என்று கட்டங்கள் இருக்கின்றன. சம்பளத்திலிருந்து டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ வழியாக வரியில்லாமல் பணம் ஒதுக்கியவர்களும் இதே படிவத்தை நிரப்பியாக வேண்டும். முறையாகக் கேட்ட பெற்றோருக்குச் சரியான பெயரையும் முகவரியையும் எண்ணையும் தருவது பராமரிப்பாளரின் சட்டக் கடமை. தக்க காரணமில்லாமல் தராவிட்டால் தவறு ஒன்றுக்கு 50 டாலர் அபராதம் விதிக்கப்படலாம். ஆகவே தருவதா வேண்டாமா என்பது கேள்வியே அல்ல. எந்த எண்ணை, எந்தக் காகிதத்தில், எப்போது தருவது என்பதே கேள்வி.

எஸ்எஸ்என்னா, இஐஎன்னா?

எஸ்எஸ்என் என்ற சோஷியல் செக்யூரிட்டி எண் ஏற்கெனவே கையில் இருக்கிறது, எங்கும் விண்ணப்பிக்க வேண்டாம், அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் அதை ஏற்கும். அதன் நல்ல பக்கம் அவ்வளவுதான். ஒரு வீட்டு டேகேரில் ஆறு குடும்பங்கள் என்றால், மூன்றாண்டில் வந்துபோனவர்களையும் சேர்த்துப் பதினைந்து வீடுகளின் இழுப்பறையிலும் மின்னஞ்சலிலும் உங்கள் பெயர், முகவரி, எஸ்எஸ்என், கையெழுத்து நான்கும் ஒரே தாளில் கிடக்கும். உங்கள் பெயரில் கடன் அட்டை திறக்க நினைப்பவருக்கு இதைவிட வசதி வேண்டாம். பெற்றோர் நல்லவர்களாகவே இருக்கலாம். அவர்களுடைய மின்னஞ்சல் திருடப்பட்டால் போவது உங்கள் எண்தான்.

இஐஎன் என்பது தொழிலுக்கென்று ஐஆர்எஸ் தரும் ஒன்பது இலக்க எண். வேலைக்கு ஆள் வைத்திருந்தால்தான் கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. தனி ஆளாக நடத்தும் டேகேருக்கும் வாங்கலாம். கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் பல தளங்கள் இதற்குப் பணம் கேட்கின்றன, முகவரியின் கடைசியில் டாட் ஜிஓவி என்று இருக்கிறதா பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

ஆன்லைனில் பத்து நிமிட வேலைதான், ஆனால் தடுக்கும் இடங்கள் உண்டு. தொழில் வகையில் 'சோல் ப்ரொப்ரைட்டர்', அதாவது தனி உரிமையாளர் என்று தேர்ந்தெடுங்கள். பெயரை சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே போடுங்கள். திருமணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ந்து, அட்டையில் அப்பா பெயரே இருந்தால் அங்கேயே விண்ணப்பம் நின்றுவிடும். தமிழ்ப் பெயர்களில் எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்று ஒவ்வோர் ஆவணமும் ஒவ்வொன்று சொல்வதால் இது அடிக்கடி நடக்கிறது. பதினைந்து நிமிடம் எதுவும் தட்டாமல் விட்டால் பக்கம் காலாவதியாகும், பாதியில் சேமித்து வைக்க வழியில்லை. கடைசிப் பக்கத்தில் வரும் உறுதிக் கடிதத்தை அப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். தவறவிட்டால் தொலைபேசியில் அழைத்து 147சி என்ற மாற்றுக் கடிதம் கேட்க வேண்டியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் உதவியாளருக்குச் சம்பளம் போடுவதற்காக ஏற்கெனவே ஓர் இஐஎன் வாங்கியிருந்தால் அதுவே போதும். தனி உரிமையாளருக்கு எத்தனை தொழில் இருந்தாலும் எண் ஒன்றுதான்.

எண் உடனே கிடைத்துவிடும். ஆனால் ஐஆர்எஸ்ஸின் நிரந்தரப் பதிவேட்டில் அது ஏற இரண்டு வாரம்வரை ஆகலாம். ஏப்ரல் 10-ஆம் தேதி வாங்கி ஏப்ரல் 11-ஆம் தேதி பெற்றோருக்குக் கொடுப்பது நல்ல யோசனையல்ல.

இஐஎன் எதைச் செய்யாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அது உங்களை ஐஆர்எஸ்ஸிடமிருந்து மறைக்காது, உங்கள் எஸ்எஸ்என்னோடு அது இணைந்தே இருக்கிறது. வருமானம் வழக்கம்போல உங்கள் வரிக் கணக்கில், தொழில் வருமானத்துக்கான ஷெட்யூல் சி படிவத்தில்தான் போகும், இஐஎன்னுக்கென்று ஒரு கட்டம் அங்கே உண்டு. வரி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. எஸ்எஸ்என்னை ஊர் சுற்ற விடாமல் வைப்பது மட்டுமே அதன் வேலை, அந்த ஒரு வேலைக்காகவே அதை வாங்கலாம்.

பெற்றோர் பக்கம் நடக்கும் பிழை ஒன்று உண்டு. இரண்டு எண்ணுக்கும் ஒன்பது இலக்கம்தான். எஸ்எஸ்என் மூன்று, இரண்டு, நான்கு என்று பிரியும், இஐஎன் இரண்டு, ஏழு என்று பிரியும். வரி மென்பொருளில் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எஸ்எஸ்என் என்று விட்டுவிட்டு இஐஎன்னைத் தட்டினால், அது யாரோ ஒருவரின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணாகப் படிக்கப்படும். எண்ணை எழுதித் தரும்போது கோட்டைச் சரியான இடத்தில் போட்டு, பக்கத்தில் 'இஐஎன்' என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் முழுப் பெயரையும் ஐஆர்எஸ் கடிதத்தில் உள்ளபடி எழுதுங்கள். வாசலில் மாட்டியிருக்கும் டேகேர் பெயர் மட்டும் போதாது.

எல்எல்சி என்ற தனி நிறுவனமாகப் பதிவுசெய்து தொடங்கினால் பாதுகாப்பு கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. எஸ்எஸ்என்னை மறைப்பதற்காக மட்டும் அது தேவையில்லை. கலிஃபோர்னியாவில் எல்எல்சிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 800 டாலர் மாநில வரி உண்டு, இஐஎன் இலவசம்.

ஐடிஐஎன்னும் கணவர் எண்ணும்

எஸ்எஸ்என் இல்லாதவர்கள் ஐடிஐஎன் தரலாம், படிவம் அதை ஏற்கிறது. ஆனால் ஐடிஐஎன் வரி கட்டுவதற்கான எண் மட்டுமே, வேலை செய்யும் உரிமையை அது தராது. எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்கான விசா) வேலை அனுமதி அட்டை இல்லாமல் இருப்பவருக்கு டேகேர் நடத்துவதே சிக்கல், எந்த எண்ணும் அதைச் சரிசெய்யாது. அதைச் சமாளிக்கத்தான் பலர் கணவரின் எஸ்எஸ்என்னைத் தருகிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர், எண் வேறொருவருடையது என்றால் பெற்றோரின் படிவம் பொய்யாகிறது, கணவரின் கணக்கில் இல்லாத ஒரு தொழில் வருமானம் முளைக்கிறது. விசா மாற்றமோ கிரீன் கார்டோ நிலுவையில் இருக்கும் குடும்பம் இந்தக் குழப்பத்துக்குள் போகவே கூடாது, குடியேற்ற வழக்கறிஞரிடம் முதலில் பேசுங்கள்.

எந்தக் காகிதம்?

டபிள்யூ-10 இதற்கென்றே அச்சிட்ட படிவம். அரைப் பக்கம். மேல் பகுதியில் பராமரிப்பாளரின் பெயர், முகவரி, எண். அந்த எண் எஸ்எஸ்என் என்றால் குறியிட ஒரு சிறு கட்டம். கீழே, சொன்னது சரியென்ற உறுதிமொழியோடு கையெழுத்தும் தேதியும். அடுத்த பகுதியில் கேட்ட பெற்றோரின் பெயரும் முகவரியும். இதை ஐஆர்எஸ்ஸுக்கு யாரும் அனுப்புவதில்லை, பெற்றோர் கோப்பில் வைத்துக்கொள்கிறார்கள். பின்னாளில் எண்ணில் பிழை என்று கடிதம் வந்தால், தாங்கள் முறையாகக் கேட்டு வாங்கினோம் என்பதற்கு அவர்களுக்கு அதுதான் சாட்சி.

டபிள்யூ-9 இதற்கு இணையாகத் தோன்றும், ஆனால் அது பணம் கொடுக்கும் நிறுவனங்களுக்கானது. மாநில உதவித்தொகை தரும் அலுவலகமோ உணவுத் திட்ட அமைப்போ கேட்டால் டபிள்யூ-9 கொடுங்கள். பெற்றோர் உங்களுக்கு, கொடுத்த தொகையைக் காட்டும் 1099 படிவம் தர வேண்டியதில்லை, அவர்கள் தொழிலுக்காகப் பணம் கொடுக்கவில்லை. பெயர், முகவரி, எண் மூன்றும் உள்ள பில்லோ கடிதமோகூட டபிள்யூ-10 இடத்தில் செல்லும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையின் நகலும் செல்லும்தான், ஆனால் அதைக் கொடுக்காதீர்கள்.

டபிள்யூ-10-இல் ஒரு குறை: எவ்வளவு பணம் என்று அதில் இல்லை. ஆகவே ஆண்டு ரசீது தனியாக வேண்டும். டபிள்யூ-10-ஐக் குழந்தை சேரும் நாளிலேயே ஒப்பந்தத்தோடு கொடுத்துவிட்டு, ரசீதை ஜனவரி கடைசிக்குள் கொடுப்பதுதான் எங்கள் கணிப்பில் மிகச் சிறந்த ஏற்பாடு. ஜூலையில் கோபத்தோடு விலகிப்போன குடும்பம் பிப்ரவரியில் உங்கள் கதவைத் தட்ட வேண்டியிருக்காது, நீங்களும் பழைய சண்டையைக் கிளற வேண்டாம். வாராந்தர ரசீதுகளில் எண்ணே வேண்டாம்.

ஆண்டு ரசீது இப்படி இருந்தால் போதும்: "2025 ஜனவரி 6 முதல் டிசம்பர் 19 வரை, குழந்தையின் பெயர், பகல்நேரப் பராமரிப்புக் கட்டணம், பெறப்பட்ட மொத்தத் தொகை 11,400 டாலர்." கீழே உங்கள் பெயர், முகவரி, எண், கையெழுத்து. பெற்றோரும் கையெழுத்திட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். எஃப்எஸ்ஏ-வில் பெற்றோருக்கு எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்பதை நீங்கள் கழிக்க வேண்டாம், அது அவர்கள் கணக்கு. பிரிந்து வாழும் பெற்றோர் என்றால், யார் கொடுத்தார்களோ அவரவர் பெயரில் தனித்தனி ரசீது போடுங்கள்.

டிசம்பரில்தான் தகராறு வரும். டிசம்பர் 29-ஆம் தேதி ஒரு குடும்பம் ஜனவரிக்கான 950 டாலரை முன்கூட்டியே கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். வந்த பணத்தை வந்த ஆண்டிலேயே கணக்கில் காட்டும் உங்களுக்கு அது இந்த ஆண்டு வருமானம். பெற்றோருக்கோ குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆண்டுதான் கணக்கு, ஆகவே அவர்கள் அடுத்த ஆண்டில்தான் சலுகை கேட்க முடியும். இரு தரப்புக் கணக்கும் 950 டாலர் வேறுபடும், இரண்டும் சரி. ரசீதில் "இதில் 950 டாலர் 2026 ஜனவரிக்கானது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னால் பேச்சு வளராது. எஃப்எஸ்ஏ நிர்வாகிகளும் பணம் கொடுத்த தேதியைவிடப் பராமரிப்பு நடந்த தேதிகளையே பார்க்கிறார்கள், அது இல்லாத ரசீது திரும்பி வரும்.

மறுப்பதும், 'கேஷ்னா குறைவு' என்பதும்

எண் தர மாட்டேன், அதற்குப் பதில் மாதம் 25 டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்ற பேரம் பல இடங்களில் நடக்கிறது. பெற்றோருக்கு ஆண்டுக்கு 300 டாலர் மிச்சம். அவர்கள் இழப்பது எவ்வளவு? ஒரு குழந்தைக்கு 3,000 டாலர் வரையிலான செலவுக்கு, வருமானம் அதிகமுள்ளவர்களுக்குக்கூட 20 சதவீதம், அதாவது 600 டாலர். இரண்டு குழந்தை என்றால் 1,200. எஃப்எஸ்ஏ இருந்தால் இழப்பு இன்னும் பெரிது: 2026 முதல் அதன் உச்சவரம்பு 5,000-இலிருந்து 7,500 டாலராகியிருக்கிறது. 22 சதவீத வருமான வரி அடுக்கில் இருந்து, 7.65 சதவீத சம்பள வரியும் முழுதாகக் கட்டுபவருக்கு அது ஏறக்குறைய 2,220 டாலர். எனவே பேரம் பெற்றோருக்கு நட்டம். ஒரு விதிவிலக்கு: தம்பதியில் ஒருவருக்கு அந்த ஆண்டில் சம்பாத்தியமே இல்லை, முழுநேர மாணவரும் அல்ல, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையும் இல்லை என்றால் இந்தச் சலுகையே கிடையாது, எண்ணும் தேவைப்படாது.

பராமரிப்பாளருக்கும் இதில் லாபமில்லை. மறுத்தாலும் பெற்றோர் சலுகை கேட்கலாம். தெரிந்த பெயரையும் முகவரியையும் எழுதி, எண் இருக்க வேண்டிய இடத்தில் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று போட்டு, கேட்டும் தரவில்லை என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்தால் போதும். ஒளிக்க நினைத்தவரின் பெயர், எண் தர மறுத்தவர் என்ற குறிப்போடு ஐஆர்எஸ் கையில் போய்ச் சேர்கிறது. பெற்றோர் செய்ய வேண்டியது, எழுத்தில் கேட்டதற்கான மின்னஞ்சலையும் காசோலை, ஸெல் (வங்கிப் பணப் பரிமாற்றச் செயலி) விவரங்களையும் பத்திரப்படுத்துவது.

மறுப்பின் பின்னால் இருப்பது பெரும்பாலும் வரிப் பயம். அந்தப் பயத்துக்கு எண்ணை மறைப்பது மருந்தல்ல, தொழில் செலவுகளை வருமானத்திலிருந்து ஒழுங்காகக் கழித்துக் காட்டுவதுதான் மருந்து. மாநில உரிமமோ பதிவோ பெற்ற, அல்லது அதிலிருந்து விலக்கு பெற்ற வீட்டு டேகேருக்கு மற்ற வீட்டுத் தொழில்களுக்கு இல்லாத ஒரு சலுகை உண்டு: அறை டேகேருக்கு மட்டுமே என்று இருக்க வேண்டாம், தொடர்ந்து பயன்பட்டால் போதும். 1,600 சதுர அடி வீட்டில் 1,200 சதுர அடி பயன்படுகிறது, அது 75 சதவீதம். குழந்தைகள் இருக்கும் நேரமும் சமையல், சுத்தம் செய்யும் நேரமும் சேர்த்து ஆண்டுக்கு 3,200 மணி, மொத்தம் 8,760 மணியில் அது 36.5 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 27.4 சதவீதம். மாதம் 2,400 டாலர் வாடகை என்றால் ஆண்டு வாடகையில் சுமார் 7,890 டாலர் தொழில் செலவாகிறது, தொழிலின் நிகர வருமானத்தைத் தாண்டாதவரை. மின்சாரம், சாப்பாட்டுக்கான நிர்ணய விகிதம், பொம்மை, டயப்பர் எல்லாம் இதற்கு மேல். வருமானத்தை மறைத்தவர் இவை எதையும் கேட்க முடியாது.

நானி வந்தால் கணக்கு வேறு

பெற்றோரின் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் அவர்களின் ஊழியர். அவர் வரிப் பிடித்தத்துக்கான டபிள்யூ-4 நிரப்புவார், பெற்றோர் ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 தர வேண்டும், 2025-இல் ஒருவருக்கு 2,800 டாலரைத் தொட்டால் சம்பள வரியும் உண்டு. இதற்காகப் பெற்றோர் தங்களுக்கென்று ஓர் இஐஎன் வாங்குவார்கள். அந்த எண்ணையே 2441-இல் பராமரிப்பாளர் எண்ணாகப் போட்டுவிடுகிறார்கள், அங்கே வர வேண்டியது நானியின் எஸ்எஸ்என்.

எஸ்எஸ்என் ஏற்கெனவே போய்விட்டதென்றால்

இஐஎன் வாங்கி, இந்த ஆண்டு ரசீது முதல் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். கடன் வரலாற்றை வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் கிரெடிட் ஃப்ரீஸ் (உங்கள் பெயரில் புதுக் கடன் திறப்பதைத் தடுக்கும் பூட்டு) போடுங்கள், இலவசம். மூன்றில் ஒன்றை விட்டாலும் அந்த வழி திறந்திருக்கும். ஐஆர்எஸ் ஆன்லைன் கணக்கில் ஐபி பின் என்ற ஆறு இலக்க எண்ணையும் கேட்டுப் பெறுங்கள். அது இல்லாமல் உங்கள் எஸ்எஸ்என்னில் வேறு யாரும் மின்வழியில் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய முடியாது. ஆண்டுதோறும் அது மாறும், ஜனவரியில் ரசீது எழுத உட்காரும்போதே புதிய எண்ணையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.