பிஎச்பி 5.6-இல் தொடங்கி 8.3 வரை: ஒரே ஹோஸ்டிங்கில் பத்து வருடம்

2015 ஆகஸ்டில் வாங்கிய ஷேர்டு ஹோஸ்டிங் கணக்கை (பல சைட்டுகள் ஒரே சர்வரைப் பகிரும் வகை) 2025 ஆகஸ்டில் பத்தாவது முறையாகப் புதுப்பித்தேன். ஈரோட்டில் இருந்துகொண்டு சின்ன நிறுவனங்களுக்கு சைட் செய்து கொடுப்பதும், செய்து கொடுத்ததைப் பார்த்துக்கொள்வதும்தான் என் தொழில். அந்த ஒரே கணக்கில் மூன்று முக்கியமான வேலைகள் ஓடுகின்றன. மூன்றும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியவை; தலைப்பில் உள்ள எண்கள் அதன் பதிப்புகள். ஒரு மஞ்சள் மண்டியின் பில் புரோகிராம், கோட்இக்னைட்டர் 3 என்ற ஃபிரேம்வொர்க்கில் (ஆயத்தக் கோட் தொகுப்பு) எழுதியது. ஒரு பள்ளியின் கட்டண வசூல், லாராவெல் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கில். அப்புறம் ஒரு தமிழ் மாத இதழின் சைட்; அது எந்த ஃபிரேம்வொர்க்கும் இல்லாமல் நானே கையால் எழுதியது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நான் பட்டது எந்த ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் யாருக்கும் நடக்கக்கூடியது.

ஹோஸ்டிங் எடுக்கும்போது "புது பிஎச்பி வந்தால் எத்தனை நாளில் தருவீர்கள்" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். நானும் அதைத்தான் கேட்டேன். இந்தப் பத்து வருடத்தில் புதுப் பதிப்பு தாமதமாக வந்து என் வேலை ஒரு நாளும் நின்றதில்லை. பழைய பதிப்பை எடுத்த விதத்திலும், பதிப்பு மாறும்போது கூடவே மாறாமல் விட்டுப்போனவற்றிலும்தான் அடி வாங்கினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2018 கடைசியில் 5.6-க்கு ஆயுள் முடிகிறது என்று தெரிந்து (அந்த வருடம் டிசம்பர் 31-தான் கடைசி நாள், அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தம் வராது) எல்லாவற்றையும் 7.2-க்கு மாற்றினேன். 7.0-இலேயே பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை அடியோடு நீக்கிவிட்டார்கள். ஆகவே இதழின் சைட்டில் டேட்டாபேஸ் தொடும் ஒவ்வொரு வரியையும் பிடிஓ என்ற வேறு இணைப்பு முறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அலுப்பான வேலைதான், ஆனால் நேர்வழி. சிக்கல் மண்டி புரோகிராமில் இருந்தது. விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்களை எம்கிரிப்ட் என்ற எக்ஸ்டென்ஷன் (பிஎச்பியோடு சேர்த்துக்கொள்ளும் துணைப்பகுதி) வைத்துக் குறியாக்கம் செய்து, அதாவது பூட்டி, டேட்டாபேஸில் வைத்திருந்தேன். 7.2-இல் எம்கிரிப்ட் பிஎச்பியை விட்டே வெளியே போய்விட்டது. சரி, அதே வேலை செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் வைத்துத் திறந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். திறக்கவில்லை. நான் பயன்படுத்தியிருந்த பூட்டும் முறை ரைன்டால்-256. அதற்கும் ஏஇஎஸ்-256-க்கும் பெயரில் அதே எண் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு: ரைன்டால்-256-இல் 256 என்பது பிளாக்கின் (ஒரே தடவையில் பூட்டும் துண்டின்) அளவு, ஏஇஎஸ்-256-இல் அது சாவியின் நீளம். ஏஇஎஸ்ஸின் பிளாக் எப்போதும் 128 பிட்தான். ரைன்டால் குடும்பத்தில் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு ஏஇஎஸ் மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது ஹோஸ்டிங்கில் இருந்த ஒரு வசதி. ஒவ்வொரு சப்டொமைனுக்கும் தனித்தனி பிஎச்பி பதிப்பு வைத்துக்கொள்ளலாம். ஒரு சப்டொமைனை 5.6-லேயே நிறுத்தி, பூட்டிய எண்களை அங்கே திறந்தேன். திறந்த கையோடு, அதே 5.6-இல் இருந்த ஓபன்எஸ்எஸ்எல்லால் திரும்பப் பூட்டி எழுதினேன். ஒரே இரவில் முடிந்தது. பழையதும் புதியதும் ஒரே கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் ஓடாமல் இருந்திருந்தால், விவசாயி ஒவ்வொருவரிடமும் பாஸ்புக் கேட்டு மறுபடி பதிந்திருக்க வேண்டும். 7.2-க்கு வந்ததும் வேகம் கூடியதும் உண்மை. மண்டியின் மாத அறிக்கைப் பக்கம் முன்பு எடுத்த நேரத்தில் பாதிகூட எடுக்கவில்லை. கோடில் ஒரு வரி மாற்றாமல் கிடைத்த பலன் அது.

அடுத்தது 2021 ஜனவரி. இதழின் சைட்டை 7.2-இல் இருந்து 7.4-க்கு மாற்றினேன். ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பேனலில் ஒரு தேர்வு, ஒரு கிளிக். சைட் திறந்தது, எரர் எதுவும் இல்லை. நான்கு நாள் கழித்து ஆசிரியர் கூப்பிட்டார்.

"தம்பி, சில கட்டுரைக்குக் கீழே சுருக்கமே காணோமே, நீங்க எடுத்துட்டீங்களா?"

நான் எதையும் எடுக்கவில்லை. முகப்பில் பார்த்தால் சில கட்டுரைகளுக்குச் சுருக்கம் இருக்கிறது, பலவற்றுக்கு வெறுமை. எரர் லாகில் ஒரு வரி இல்லை. மாலை வரை தேடித்தான் பிடித்தேன். அந்தப் பேனலில் ஒவ்வொரு பதிப்புக்கும் எக்ஸ்டென்ஷன் பட்டியல் தனி. 7.2-இல் நான் டிக் செய்து வைத்திருந்த எம்பிஸ்டிரிங் (தமிழ் போன்ற மொழிகளின் சரங்களைக் கையாளும் எக்ஸ்டென்ஷன்), 7.4-க்கு மாறும்போது கூட வரவில்லை. கட்டுரையின் தொடக்கத்தை வெட்டிச் சுருக்கமாக்கும் என் கோடில், எம்பிஸ்டிரிங் இருந்தால் அதை வைத்து வெட்டு, இல்லாவிட்டால் சாதாரண சப்ஸ்டிரிங் வைத்து வெட்டு என்று எழுதியிருந்தேன். பல வருடத்துக்கு முன் எழுதியது. எரர் வராமல் போனதற்கு அதுதான் காரணம்.

சாதாரண சப்ஸ்டிரிங் எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளி 1 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள். ஆக 15 பைட். 300 பைட்டில் வெட்டினால், அந்த இடம் ஒரு குறியின் எல்லையாக அமைந்தால் பிழைத்தது, நடுவில் விழுந்தால் கடைசிக் குறி உடைந்துவிடும். உடைந்த அந்தச் சரத்தைப் பக்கத்தில் அச்சிடும் முன் எச்டிஎம்எல் குறிகளை மாற்றும் ஃபங்ஷனுக்கு அனுப்பினேன். செல்லாத யூடிஎஃப்-8 வந்தால் 7.4-இல் அந்த ஃபங்ஷன் மொத்தச் சரத்தையும் காலியாக்கித் திருப்பித் தரும். அதனால்தான் சில கட்டுரைக்கு மட்டும் வெறுமை. 8.1-இல் இந்த இயல்பை மாற்றிவிட்டார்கள், உடைந்த இடத்தில் மட்டும் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் வரும். அப்படி வந்திருந்தால் முதல் நாளே என் கண்ணில் பட்டிருக்கும்.

எம்பிஸ்டிரிங்கை டிக் செய்ததும் சரியானது. அதோடு விடவில்லை. எம்பிஸ்டிரிங்கும் குறிகளைத்தான் எண்ணுகிறது, எழுத்துகளை அல்ல. 'கி' என்பதை 'க' என்று வெட்டிவிடும், 'ழ்' என்பதைப் புள்ளியில்லாமல் 'ழ' ஆக்கிவிடும். இன்டில் என்ற இன்னொரு எக்ஸ்டென்ஷனில் இருக்கும், முழு எழுத்தை எண்ணும் கிராஃபீம் ஃபங்ஷன்கள் 'தமிழ்' என்றால் மூன்று என்று சரியாக எண்ணும். தமிழ் சைட் வைத்திருப்பவர்கள் ஹோஸ்டிங்கில் இன்டில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கோட்இக்னைட்டர் 4 நிறுவவே இன்டில் வேண்டும், ஆகவே இப்போது பெரும்பாலும் இருக்கும். ஆனால் டிக் செய்யாமல் கிடக்கும்.

மண்டி விஷயத்துக்கு வருகிறேன். பத்து வருடத்தில் எனக்கு ரொம்ப வலித்தது அதுதான்.

7.4-இன் ஆயுள் 2022 நவம்பர் 28-ஆம் தேதி முடிந்தது. எனக்கு அது தெரியும். ஆனால் மண்டி புரோகிராமில் எஸ்எம்எஸ் அனுப்பும் மாட்யூல் ஒன்று அயன்கியூப் (கோடை யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் கருவி) போட்டுப் பூட்டியது, அதை ஓட்டத் தேவையான அயன்கியூப் லோடரை 8.0-க்கு வெளியிடவே இல்லை, 8.1-க்குத்தான் வந்தது. பேனலில் 8.0 வந்து வெகுநாள் ஆகியும் எனக்குப் பயனில்லை. அந்த மாட்யூலை எடுத்துவிட்டு வேறு எழுதி, சீசன் முடிந்து மே மாதம் 8.1-க்குப் போகலாம் என்று திட்டம். 2023 பிப்ரவரியில் ஒரு திங்கள்கிழமை காலை ஒன்பதரைக்கு போன் வந்தது.

"என்னங்க தம்பி, பில்லே வரமாட்டேங்குதுங்க. லோடு ஏத்துன வண்டி வாசல்ல நிக்குது."

"பத்து நிமிசம் குடுங்கண்ணா, பாத்துட்டுக் கூப்பிடறேன்."

ஞாயிறு இரவு ஹோஸ்டிங்காரர்கள் பேனலில் இருந்து 7.4-ஐ எடுத்துவிட்டு அதில் இருந்த எல்லா டொமைனையும் 8.1-க்கு மாற்றியிருந்தார்கள். என் கோட்இக்னைட்டர் 3.1.11. அதன் செஷன் கோப்பில் உள்ள ஃபங்ஷன்களுக்கு ரிட்டர்ன் டைப் (என்ன வகை விடை தரும் என்ற குறிப்பு) இல்லை என்று 8.1 எச்சரிக்கை கொடுக்கிறது. வெறும் எச்சரிக்கைதான், புரோகிராமை நிறுத்தாது. ஆனால் அந்த எச்சரிக்கை பக்கத்தின் தலையிலேயே அச்சாகிவிடுகிறது. பில் பிடிஎஃப் ஆகப் போக வேண்டியது. பிடிஎஃப்புக்கு முன்னால் ஒரு எழுத்து வெளியே போனாலும் பிடிஎஃப் உருவாக்கும் டிசிபிடிஎஃப் மறுத்துவிடும். "ஏற்கெனவே ஏதோ அனுப்பப்பட்டுவிட்டது, பிடிஎஃப் அனுப்ப முடியாது" என்று ஒரே வரி. மண்டியின் திரையில் காலையில் இருந்து அந்த வரிதான்.

எரர் காட்டுவதை அணைத்தேன், பில் வந்தது, வண்டி போனது. நல்லவேளையாக செட்டிங் எங்கே என்று தெரிந்திருந்தது. மதியம் 3.1.13-க்கு ஏற்றினேன், அந்தச் செஷன் சிக்கலை அதில் சரிசெய்திருக்கிறார்கள். எஸ்எம்எஸ் மாட்யூல் மட்டும் இரண்டு வாரம் படுத்துக்கிடந்தது, விவசாயிகளுக்குத் தொகை விவரம் போகவில்லை. மண்டிக்காரர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆயுள் முடிந்த பதிப்பை எடுத்தது தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். பாதுகாப்புத் திருத்தம் வராத பிஎச்பியை நூற்றுக்கணக்கான சைட் பகிரும் சர்வரில் வைத்திருப்பது எல்லோருக்கும் ஆபத்து. ஆனால் அதைச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். அவர்கள் பேனலுக்குள் ஒரு அறிவிப்பு போட்டிருந்தார்கள், மெயில் இல்லை. மாதக்கணக்கில் பேனலைத் திறக்காதவன் நான், என்னைப் போலத்தான் பெரும்பாலோர். சாட்டில் கேட்டதற்கு "உங்கள் கோடைச் சரிசெய்யுங்கள்" என்று பதில். அன்று கணக்கை மாற்றிவிடுவது என்றே முடிவு செய்தேன். மாற்றாததற்குக் காரணம் அடுத்த மாதங்களில் நடந்தது.

2023 மே விடுமுறையில் பள்ளியின் லாராவெல் 8-ஐ 10-க்கு ஏற்றினேன். லாராவெல் 10-க்கு 8.1 வேண்டும், பேனலில் 8.1 தேர்ந்தெடுத்தேன், சைட் அழகாக ஓடியது. ஜூன் இரண்டாவது வாரம் பள்ளி அலுவலகத்தில் இருந்து, ஒரு பெற்றோருக்கும் நினைவூட்டல் மெசேஜ் போகவில்லை என்று சொன்னார்கள். நினைவூட்டலை அனுப்புவது கிரான் ஜாப், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை. பிரவுசரில் வரும் பிஎச்பி வேறு, கிரான் ஜாப் கூப்பிடும் பிஎச்பி வேறு. பேனலில் மாற்றியது முதலாவதை மட்டும்தான். பிப்ரவரியில் பேனலில் இருந்து எடுத்த அதே பழைய 7.4, கிரான் ஓடும் கமாண்ட் லைனில் இன்னும் உட்கார்ந்திருந்தது. "8.1 வேண்டும், நீங்கள் ஓட்டுவது 7.4" என்று, துணைத் தொகுப்புகளை நிர்வகிக்கும் கம்போசர் ஒவ்வொரு நிமிடமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கிரானின் வெளியீட்டை நான் எங்கும் சேமிக்காததால் கேட்க ஆளில்லை.

டிக்கெட் போட்டேன். முதல் இரண்டு பதிலும் கேச் அழித்துப் பாருங்கள் வகை. மூன்றாவதாக எடுத்த பெண் முழுவதும் படித்துவிட்டு எழுதியிருந்தார் என்று முதல் வரியிலேயே தெரிந்தது. ஆப்ட் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி இடம் இருக்கிறது, கிரானில் வெறுமனே பிஎச்பி என்று எழுதாமல் அந்த முழுப் பாதையை எழுதுங்கள் என்று வரியையே அமைத்துக் கொடுத்தார். என் கணக்கின் கமாண்ட் லைனையும் 8.1-க்கு மாற்றிவைத்தார். அவரிடமே பிப்ரவரி கதையையும் சொல்லி, பதிப்பை எடுக்கும் முன் மெயில் அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். மேலே அனுப்புகிறேன் என்றார். எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன்.

2024-இல் சர்வரின் இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் ஜூன் 30-உடன் முடிந்தபோது சர்வரையே அல்மாலினக்ஸுக்கு மாற்றினார்கள். அறுபது நாள் முன்பாக மெயில் வந்தது. என் டொமைன்களின் பட்டியல், எது எந்தப் பதிப்பில் ஓடுகிறது, புது சர்வரில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க ஒரு தற்காலிக முகவரி, எல்லாம் அதில் இருந்தன. மாற்றம் நடந்த இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது மூன்றும் 8.3-இல் இருக்கின்றன. கோட்இக்னைட்டர் 3-க்கு 8.2-இல் இருந்தே டைனமிக் பிராப்பர்ட்டி (கிளாஸில் முன்கூட்டி அறிவிக்காத மாறி) எச்சரிக்கைகள் கொட்டுகின்றன; கோர் கிளாஸ்களின் தலையில் அதை அனுமதிக்கும் ஆட்ரிபியூட்டைச் சேர்த்து அடக்கி வைத்திருக்கிறேன். நிரந்தர வழி கோட்இக்னைட்டர் 4-இல் திரும்ப எழுதுவதுதான். சரக்கு வரவும் பில்லும் முடித்துவிட்டேன், கணக்குப் பகுதி பாக்கி. 8.3-க்கு 2027 டிசம்பர் 31 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு, அதற்குள் முடிந்துவிடும். 8.4 பேனலில் இருக்கிறது. எனக்கு அவசரம் இல்லை.

புதிதாக ஹோஸ்டிங் எடுக்கிறவர்கள் என்னிடம் கேட்டால், பணம் கட்டும் முன் சப்போர்ட்டுக்கு இந்த மூன்றைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கச் சொல்கிறேன். பழைய பதிப்பை எடுக்க எத்தனை நாள் முன் மெயில் வரும்? கிரானுக்கும் கமாண்ட் லைனுக்கும் பதிப்பை நானே மாற்றலாமா? ஒரே கணக்கில் இரண்டு பதிப்பு ஓட்டலாமா? பதில் தெளிவாக வந்தால், புதுப் பதிப்பு இரண்டு மாதம் தாமதமாக வந்தாலும் எடுக்கலாம்.

2025-இல் அவர்களிடம் இருந்து மறுபடி ஒரு மெயில். 8.1-இன் ஆயுள் 2025 டிசம்பர் 31-உடன் முடிகிறது, ஜனவரி கடைசியில் எடுத்துவிடுவோம், உங்கள் கணக்கில் ஒரு சப்டொமைன் இன்னும் அதில் இருக்கிறது என்று. பள்ளிக்காக எப்போதோ சோதனைக்கு வைத்திருந்தது. அன்று மாலையே மாற்றினேன், எம்பிஸ்டிரிங்கும் இன்டிலும் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.