பெங்களூருவில் ஓட்டோ மீன் வாங்குபவர்கள் கவனத்துக்கு

செடி வளர்க்கும் என் மீன் தொட்டியில் இலைக்கு இலை பழுப்புப் பாசி. ஏஞ்சல் மீன்களோடு சாதுவாக இருக்குமே என்று, பாசி தின்னும் குட்டிக் கெளுத்தியான ஓட்டோசின்க்ளஸ் (ஓட்டோ) தேடி, சிவாஜிநகரில் ஒரு கடைக்குப் போனேன். "சக்கர் குட்டியைத் தலையில் கட்டிவிடாதீங்க, ஓட்டோதானே?" என்று கேட்டுத்தான் வாங்கினேன் (சக்கர் என்பது பெரிதாக வளரும் வேறொரு உறிஞ்சுவாய் மீன்). "அசல் ஓட்டோண்ணா, பிரேசில் மால்" என்றார். ஒன்று 180 ரூபாய்.

கறுப்புக் கோடு, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் வாய் எல்லாம் இருந்தன. ஆனால் சில மாதங்களிலேயே விரல் நீளத்தைத் தாண்டிவிட்டன. ஓட்டோ என்னதான் வளர்ந்தாலும் நான்கைந்து செ.மீ.தான். அப்புறம் பாசியைச் சீண்டுவதே இல்லை. ஒரு நாள் காலையில் விளக்கைப் போட்டால், பெரிய ஏஞ்சலின் விலாவில் செதில் உரிந்து, ஓரம் சிவந்த வெளிறிய வட்டம். நான் வாங்கி வந்த 'ஓட்டோ'க்களில் ஒன்று அப்போதும் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. புண்ணில் பஞ்சு போலப் பூஞ்சை பிடித்து ஏஞ்சல் செத்தேபோனது.

எனக்குக் கொடுத்தது சைனீஸ் ஆல்கே ஈட்டர். அது கெளுத்தி இனமே கிடையாது. தாய்லாந்து, கம்போடியா பக்கத்து ஆற்று மீன், 25 செ.மீ.க்கு மேலும் போகும். குட்டியில் பாசி மேயும். வளர்ந்த பிறகு தட்டையான மீன்களின் உடம்பு மேலுள்ள வழுவழுப்புப் படலத்தை உறிஞ்சப் பழகிவிடும்.

கடையில் கேட்டால், "ரெண்டும் பாசி திங்கிறதுதானே சார், உயிர் மாலுக்கு ரிட்டன் இல்லை." வாங்கும்போது அண்ணா, திரும்பப் போனால் சார்!

வாங்கும்போது செவுளைப் பாருங்கள். ஆல்கே ஈட்டருக்குச் செவுள் மூடியின் மேல்பக்கம் தண்ணீர் இழுக்கத் தனித் துளை உண்டு. வாய் ஒட்டியிருக்கும்போதும் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டோவுக்கு உடம்பு முழுக்கக் கவசத் தகடு, வாலடியில் பொட்டு. நிஜ ஓட்டோவே கிடைத்தாலும் வயிறு ஒட்டியிருந்தால் எடுக்காதீர்கள். பெரும்பாலும் ஆற்றில் பிடித்து அனுப்புவதால், வழியெல்லாம் பட்டினி கிடந்து வருபவை.

இவற்றை அல்சூர் ஏரியில் விட்டுவிடு என்கிறார் நண்பர். சக்கர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகியது இப்படி விட்டுத்தான், அதைச் செய்ய மாட்டேன். பெரிய தொட்டி இருந்து, அதில் ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற தட்டை மீன்களோ கோல்டு ஃபிஷ்ஷோ இல்லாதவர்கள் சொல்லுங்கள். காசு வேண்டாம், வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.