எஃப்-35, சு-57, ரஃபேல்: வாங்கிய பிறகு சாவி யார் கையில்?

2025 பிப்ரவரியில் பெங்களூரு எலஹங்காவில் நடந்த ஏரோ இந்தியா கண்காட்சிக்கு அமெரிக்காவின் எஃப்-35, ரஷ்யாவின் சு-57 இரண்டுமே வந்திருந்தன. அதே வாரம் வாஷிங்டனில், இந்தியாவுக்கு எஃப்-35 கிடைக்க வழி செய்கிறோம் என்று மோடி முன்னிலையில் அறிவித்தார் டிரம்ப். எது வேகம், எது ரேடாரில் சிக்காது என்ற பட்டிமன்றம் அதன்பின் ஓயவே இல்லை. ஆனால் ஒரு போர் விமானம் முப்பது, நாற்பது வருஷம் பறக்க வேண்டிய பொருள். அத்தனை காலமும் உதிரி பாகம், மென்பொருள், ஏவுகணை எல்லாம் விற்ற நாட்டிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் உறவு கசந்தால்? அமெரிக்கா, ரஷ்யா, ரஃபேல் விற்கும் பிரான்ஸ் என மூன்று நாடுகளின் பழைய கணக்கையும் புரட்டிப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

முதலில் அமெரிக்கா. துருக்கி 1952 முதல் நேட்டோ உறுப்பினர். எஃப்-35 திட்டத்தில் பங்குதாரர், பாகங்கள் செய்துகொடுத்த நாடு. 100 விமானங்கள் வாங்குவதாக இருந்தது. 2018 ஜூனில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் விழா எடுத்து முதல் விமானத்தை ஒப்படைத்தார்கள். ஆனால் பயிற்சிக்காக அது அமெரிக்காவிலேயே நின்றது. இதற்கிடையில் துருக்கி ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணைகளை வாங்கியது. அந்த ரேடார்கள் எஃப்-35ஐ அருகிலிருந்து அளந்துவிடும் என்பது அமெரிக்காவின் கவலை. 2019 ஜூலையில் எஸ்-400 அங்காராவுக்கு அருகே வந்து இறங்கிய ஒரே வாரத்தில் துருக்கி திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. அதற்காகத் தயாரான எட்டு விமானங்களை அமெரிக்க விமானப்படையே எடுத்துக்கொண்டது. 2020 டிசம்பரில் துருக்கியின் ஆயுதக் கொள்முதல் அமைப்பின் மீது, ரஷ்யாவிடம் ஆயுதம் வாங்குவோரைத் தண்டிக்கும் அமெரிக்காவின் காட்சா சட்டத்தின் கீழ் தடையும் வந்தது.

அதே எஸ்-400ஐ 2018இல் இந்தியாவும் வாங்கியது. அதே சட்டம் நம் மீது பாயவில்லை. சீனாவுக்கு எதிரே இந்தியா வேண்டும் என்ற கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன். கணக்கு மாறினால் சலுகையும் மாறும். எஸ்-400 வைத்திருக்கும் நாட்டுக்கு எஃப்-35 தருவதா என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

அப்புறம் பாகிஸ்தான். ஆப்கன் போர் நடந்தவரை செல்லப்பிள்ளை. சோவியத் படைகள் வெளியேறிய அடுத்த ஆண்டே, 1990இல், அணுகுண்டைக் காரணம் காட்டி எஃப்-16 விநியோகம் நின்றது. பணம் கட்டிய விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில் வருஷக்கணக்கில் கிடந்தன. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு நமக்கும் அடி விழுந்தது. நம் உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

ரஷ்யாவிடம் இந்தக் கண்டிப்பு கிடையாது. 1998இல் அது நம் மீது தடை போடவில்லை. அங்கே சிக்கல் வேறு: ரஷ்யாவே தடைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து எஸ்-400 தொகுதிகளில் மூன்று வந்தன. உக்ரைன் போருக்குப் பின் மற்ற இரண்டும் தள்ளிக்கொண்டே போயின. இந்தோனேசியா 2018இல் 11 சு-35க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அமெரிக்கத் தடைக்குப் பயந்து கிடப்பில் போட்டது. 2022இல் 42 ரஃபேலுக்குப் போனது. சு-57ஐப் பொறுத்தவரை, அதன் கூட்டுத் தயாரிப்பிலிருந்து இந்தியாவே 2018இல் விலகிவிட்டது. அந்த விமானத்துக்குத் திரும்பிப் போவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

பிரான்ஸ் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கடை விரித்திருக்கிறது. எஃப்-35 பேச்சு சீனாவின் ஹுவாவே 5ஜி விவகாரத்திலும் மற்ற நிபந்தனைகளிலும் முட்டி நின்றபோது, ஐக்கிய அரபு அமீரகம் 2021 டிசம்பரில் 80 ரஃபேல் வாங்கியது. 1998இல் நம் மீது பிரான்ஸ் தடை போடவில்லை. மறுவருஷம் கார்கிலில் பிரான்ஸிடம் வாங்கிய மிராஜ் 2000 போர் விமானம் பறந்தது.

அதற்காக பிரான்ஸை முழுக்க நம்பிவிடவும் முடியாது. எகிப்து கேட்ட ஸ்கால்ப் ஏவுகணையில் ஒரு அமெரிக்கப் பாகம் இருந்ததால் 2018இல் அந்த விற்பனை சிக்கியது. ரஷ்யாவுக்காகக் கட்டிய இரண்டு மிஸ்ட்ரல் போர்க்கப்பல்களை, கிரிமியா விவகாரத்துக்குப் பின் பிரான்ஸ் தராமல் எகிப்துக்கு விற்றது. விலையும் சாதாரணமில்லை: 2016இல் 36 ரஃபேலுக்கு நாம் கொடுத்தது சுமார் 787 கோடி யூரோ.

அப்படியும் என் ஓட்டு ரஃபேலுக்குத்தான். அம்பாலா, ஹாசிமாரா விமானப்படைத் தளங்களில் ஏற்கனவே அதற்குப் பராமரிப்பு வசதி இருக்கிறது. கடற்படைக்கு 26 விமானங்களுக்கு 2025 ஏப்ரலில் ஒப்பந்தமும் ஆகிவிட்டது. ஆனால் இனி வாங்கும் ஒவ்வொன்றிலும் அஸ்திரா போன்ற நம் ஏவுகணைகளை நாமே பொருத்திக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்க வேண்டும். அது இல்லாமல் விலையில் கொஞ்சம் குறைத்தார்கள் என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமே இல்லை.

சொந்த விமானம் என்று நாம் சொல்லும் தேஜஸ் மார்க் 1ஏவுக்கும் எஞ்சின் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்துடையது. 2021இல் 99 எஞ்சின்களுக்கு ஆர்டர் கொடுத்தோம், முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். அரசியல் தகராறு எதுவும் இல்லாத காலத்திலேயே, மூடிக்கிடந்த உற்பத்தி வரிசையை மறுபடி ஓட்டுவதற்கு இவ்வளவு நாள் ஆனது.