கசிவு நின்றதா, கறை மறைந்ததா? வீட்டு ஈரத்துக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

சுவரில் ஈரத்தடம் தெரிந்த அன்றே வீட்டுக்குள் இரண்டு கட்சிகள் பிறந்துவிடுகின்றன. நீர் புகாத பூச்சு ஒன்றை வாங்கி உள்பக்கம் அடித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் பூசி முடித்துவிடலாம் என்கிறது ஒரு கட்சி. நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை சுவரில் கை வைக்கக்கூடாது என்கிறது மற்றொரு கட்சி. செலவு, தூசி, பிள்ளைகளின் தேர்வு, படுக்கையில் இருக்கும் பெரியவர் என இரண்டு பக்கமும் நியாயமான காரணங்கள் உண்டு. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். ஆனால் முதல் கட்சி ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

உள்ளே பூசுவதா, ஊற்றை அடைப்பதா?

உள்பூச்சின் கவர்ச்சி புரிகிறது. இரண்டு நாள் வேலை, எதையும் உடைக்க வேண்டாம், அறை உடனே பளிச்சென்று ஆகிவிடும். சிக்கல் நீரின் திசையில் இருக்கிறது. நீர் வந்து மோதும் பக்கத்தில் பூச்சு இருந்தால், நீரின் அழுத்தமே அந்தப் பூச்சைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். நீர் வெளியேறும் பக்கத்தில் பூசினால் அதே அழுத்தம் பூச்சைச் சுவரிலிருந்து பிதுக்கித் தள்ளும். புது பெயிண்ட் சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாக எழும்புவது இதனால்தான். பெரும்பாலும் பெயிண்டின் தரத்தைத்தான் குறை சொல்கிறார்கள்.

உப்பு இன்னொரு எதிரி. செங்கல், சிமெண்ட் வழியாக வரும் நீர் அவற்றிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் படிகமாகத் தங்குகிறது. வெறும் சுவரில் அது வெள்ளைப் பொடியாகப் பூக்கும், துடைத்துவிடலாம். பெயிண்டுக்கு அடியில் படிகமானால் காரையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். சுவர் பொரிந்திருக்கும் இடத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே பட்டி பார்ப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கூரைத் தளத்தில் கசிவு என்றால் இது அழகுப் பிரச்சினையோடு நிற்பதில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை நீர் எட்டினால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, அது பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த வீக்கத்தைத் தாங்காமல் கான்கிரீட் பிளந்து, அடிப்பகுதி பாளமாக விழுகிறது. உள்பூச்சு இந்த விரிசலை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. எனக்கு இதில் உண்மையான பயம் உண்டு. கீழே ஒரு கட்டில் கிடக்கிறது, அதில் ஒருவர் தூங்குகிறார்.

உடைத்து ஊற்றைத் தேட வேண்டாத இடங்கள் இரண்டு. ஒன்று, வெளிப்புறம் முழுக்க மண்ணால் மூடப்பட்டு, தோண்டிப் பார்க்க வழியே இல்லாத நிலவறைச் சுவர். கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் ஊடுருவிப் படிகமாகி அடைக்கும் பூச்சுகள் அங்கே உள்பக்கத்திலிருந்தும் வேலை செய்யும். இன்னொன்று, கசிவே இல்லாத ஈரம். அறைக்குள் இருக்கும் நீராவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராக மாறுவதைப் பலர் கசிவு என்று எண்ணிச் சுவரை உடைத்துவிடுகிறார்கள். ஓரடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் இடைவெளியின்றி டேப் ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்து, தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் நீர் காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. காற்றின் ஈரத்துக்குக் காற்றோட்டமும், நீராவியை வெளியேற்றும் விசிறியும்தான் மருந்து.

ஊற்றைக் கண்டுபிடிக்கவும் முதலில் கருவி வேண்டாம், கவனம் போதும். மழை நாளில் மட்டும் ஈரம் கூடினால் மாடியையோ வெளிச்சுவரையோ பாருங்கள். இரவு பகல் எப்போதும் ஒரே அளவு ஈரம் என்றால், அழுத்தத்தில் இருக்கும் நீர்க்குழாய் மேல் சந்தேகம் போக வேண்டும். நீர் மீட்டர் இருக்கும் வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடி, அளவைக் குறித்துவைத்து, ஓரிரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அளவு நகர்ந்திருந்தால் குழாயில் எங்கோ ஒழுகுகிறது. யாராவது குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால் தரையும் கழிவுக்குழாயும்.

விசிறியா, ஈரநீக்கியா?

ரிப்பேரைவிட அவசரமானது உலர்த்துவது. நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். பிளம்பர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும்போது பூஞ்சை காத்திருக்காது.

ஜன்னலைத் திறந்து விசிறி போடுவது எளிய வழி. வெளிக்காற்று உள்காற்றைவிட உலர்ந்திருக்கும்வரை அது நல்ல வழியும்கூட. மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்தால் ஈரத்தை உள்ளே அழைக்கிறோம். அப்போது ஈரநீக்கி இயந்திரம்தான் முந்துகிறது. கதவு, ஜன்னலை மூடிவைத்துத்தான் அதை ஓட்ட வேண்டும். கம்ப்ரஸர் வகை வெப்பமான அறையில் நன்றாக வேலை செய்யும். குளிரான அறைக்கு ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து இயங்கும் வகை ஏற்றது. ஹீட்டரை மட்டும் போட்டு மூடிவிடுவதை நான் எங்கும் பரிந்துரைக்க மாட்டேன். சுவரிலிருந்து கிளம்பும் நீராவி வெளியேற வழியின்றி அலமாரியிலும் துணியிலும் போய்த் தங்கும்.

அக்கா வீட்டில் மேல்மாடிக் குளியலறை நீர் கீழே மாமியார் அறைக்குள் இறங்கியபோது, நாள் முழுக்க விசிறி ஓடியது. சுவர் வெளுத்து, கைக்கும் உலர்ந்ததாகவே தெரிந்தது. நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து துணி அலமாரியை ஒரு பக்கமாக நகர்த்தினோம். அதன் பின்பலகை அடியில் ஊறி, ஈரத்தில் கிடந்த பழைய நோட்டுப் புத்தகம்போல் ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது. சுவரில் அலமாரியின் அளவுக்கே, அதே உயரத்துக்கு, கரும்புள்ளிகள் அடர்ந்த ஒரு செவ்வகம். அதற்கு வெளியே ஒரு புள்ளிகூட இல்லை. அறையின் நடுவில் சுழன்ற காற்று அந்த இடுக்குக்குள் போகவே இல்லை. ஆகவே எந்த முறையைத் தேர்ந்தாலும் முதல் வேலை, சாமான்களைச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வைப்பது.

பூஞ்சையைத் துடைப்பதிலும் இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. டைல்ஸ், கண்ணாடி போன்ற உறிஞ்சாத பரப்பில் பிளீச்சிங் திரவம் வேலை செய்யும். காரையிலும் பலகையிலும் அதன் நீர் உள்ளே இறங்க, மேலே மட்டும் வெளுக்கும். வேர் அப்படியே இருக்கும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும். ஆகவே அங்கே சோப்பு நீரால் தேய்த்து அகற்றுவது, ஆழமாக ஊறியிருந்தால் காரையையே கொத்தி எடுப்பது என்பதே சரி. பிளீச்சிங் திரவத்தோடு அமிலக் கழிவறைத் திரவத்தையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சுவர் உலர்ந்ததா என்பதற்குக் கை சாட்சியாகாது. ஈரமானியை வைத்து, அதே வீட்டில் நனையாத சுவர் ஒன்றின் அளவோடு ஒப்பிடுங்கள். கான்கிரீட் தளத்துக்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டுமானத் தொழிலில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. அறைக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 30 முதல் 50 சதவீதம் நல்லது.

ஒட்டுப்போடுவதா, புதுக் குழாயா?

இதற்கு விடை குழாயின் வயதில் இருக்கிறது. படம் மாட்ட ஆணி அடித்தபோது துளைபட்ட குழாய் என்றால், அந்த இடத்தை மட்டும் உடைத்து, வெட்டி, இணைத்தால் போதும். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய் ஓரிடத்தில் ஒழுகினால் கதை வேறு. அது எல்லா இடத்திலும் அதே வயதுதான். அங்கே ஒட்டுப்போடும் செலவை மிச்சமாக எண்ணக்கூடாது. சுவருக்குள் இருக்கும் பழைய வழியை அடைத்துக் கைவிட்டுவிட்டு, சுவருக்கு வெளியே புதுக் குழாய் ஓட்டுவதே என் தேர்வு. பார்க்க அழகில்லை என்பார்கள். ஆனால் அடுத்த கசிவு முதல் நாளே கண்ணில் படும், உடைக்காமல் சரிசெய்யலாம். சுவருக்குள்தான் வேண்டும் என்றால், மூடும் முன் அழுத்தச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள்.

குளியலறை: இடுக்கை அடைப்பதா, தளம்வரை பெயர்ப்பதா?

டைல்ஸ் இருப்பதால் தரை நீர் புகாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்ட் கலவை நீரை உறிஞ்சும். நீரை உண்மையில் தடுக்க வேண்டியது டைல்ஸுக்கு அடியில் உள்ள தடுப்புப் படலம். பழைய இடுக்குகளைச் சுரண்டி எபாக்ஸி என்ற நீர் உறிஞ்சாத பசைக் கலவையை நிரப்புவதன் பலன், அந்தப் படலம் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. படலம் கிழிந்திருந்தால் எபாக்ஸி வாங்கித் தருவது கொஞ்சம் அவகாசம் மட்டுமே. குழந்தை பிறக்கப் போகிறது, வீட்டில் அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் படுத்திருக்கிறார் என்ற நிலையில் அந்த அவகாசத்துக்கும் மதிப்பு உண்டு. அவகாசம் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

எது தேவை என்று அறிய ஒரு சோதனை. கழிவுத் துளையை இறுக்கி அடைத்து, தரையில் சில சென்டிமீட்டர் நீர் தேக்கி, அளவைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். மட்டம் இறங்கி, கீழே சொட்டினால் தரை. மட்டம் அப்படியே நின்று, அடைப்பை எடுத்து நீரை விடும்போது சொட்டினால் கழிவுக்குழாய் இணைப்பு. இரண்டாவது விடை வந்தால் தரை முழுவதையும் பெயர்க்கும் செலவே வேண்டாம். இந்தச் சோதனை செய்யாமலே மொத்தத்தையும் உடைக்கச் சொல்லும் காண்ட்ராக்டரும், செய்யாமலே எபாக்ஸி போதும் என்பவரும் எனக்கு ஒன்றுதான்.

பெயர்ப்பது என்று முடிவானால் படலத்தில் ஒரு தேர்வு இருக்கிறது. இரண்டு பொருள் கலந்து பூசும் சிமெண்ட் வகை, லேசான ஈரத் தளத்திலும் பிடிக்கும்; அதன் மேல் டைல்ஸ் நேரடியாக ஒட்டும். பாலியூரித்தேன் வகை நன்றாக நீளும், சிறு விரிசல் திறந்தாலும் எளிதில் கிழியாது. ஆனால் நன்கு உலர்ந்த தளம் வேண்டும், மேலே டைல்ஸ் ஒட்ட இடையில் ஓர் அடுக்கு வேண்டும். கசிந்து ஊறிய தளத்தை அவசரமாக மூட வேண்டிய குடும்பத்துக்குச் சிமெண்ட் வகையே நடைமுறைக்கு ஒத்தது. எந்த வகையானாலும் தோல்வி பெரும்பாலும் மூலைகளிலும் குழாய் துளைக்கும் இடங்களிலும்தான் வருகிறது. படலம் சுவரில் அரையடியாவது ஏற வேண்டும், குளிக்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது எந்தக் கசிவையும் நிறுத்தாது. தரை உயர்ந்து வாசற்படித் தடுப்பும் காணாமல் போகும்.

எதை வைத்துக்கொள்வது?

கட்டை மரத்தை நிழலில் மெல்ல உலர்த்தினால் பிழைக்கும். ஊறிய துகள்பலகை பிழைக்காது. சாக்கடை நீர் பட்ட மெத்தை, தலையணை, கம்பளம் மூன்றையும் யோசிக்காமல் எறியுங்கள். நனைந்த புகைப்படங்களையும் ஆவணங்களையும் உடனே உலர்த்த முடியாவிட்டால், தனித்தனியாகப் பையில் இட்டு ஃபிரீசரில் வைக்கலாம். பூஞ்சை பிடிக்காமல் காலம் கிடைக்கும். காப்பீடு இருந்தால் எறிவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள்.

வீட்டிலேயே இருப்பதா, அறை மாறுவதா?

வேலை நடக்கும் வீட்டிலேயே சமாளிப்பதுதான் பெரும்பாலோர் வழி. அக்கா, "அத்தை, இன்று முதல் நீங்கள் எங்கள் அறையில் படுத்துக்கொள்ளுங்கள்" என்றபோது, "எனக்கு என் கட்டிலில்தான் தூக்கம் வரும், நீ கவலைப்படாதே அம்மா" என்றார் அவர். இரவில் இருமல் கூடியதைப் பேத்திதான் கவனித்துச் சொன்னாள். அதன் பிறகு கட்டிலையே தூக்கிக்கொண்டுபோய் அடுத்த அறையில் போட்டார்கள். ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, முதியவர் இருந்தால் பூஞ்சை பிடித்த அறையைக் காலி செய்வதில் விவாதத்துக்கு இடமில்லை. சுவர் கொத்தும் நாட்களில் அந்த அறைக் கதவைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டுங்கள்.

கூரையின் ஜிப்சம் பலகை தொப்பையாகத் தொங்கினால் மேலே நீர் தேங்கியிருக்கிறது. அடியில் யாரும் நிற்கக்கூடாது. ஈரம் விளக்கையோ சாக்கெட்டையோ எட்டியிருந்தால் அந்த அறைக்குச் செல்லும் மின் இணைப்பை முதலில் துண்டியுங்கள்.

ஆளை அமர்த்தும்போது எழுத்தில் வாங்க வேண்டியவை மூன்று: எந்தப் பொருளை எத்தனை பூச்சு பூசுவார், டைல்ஸ் ஒட்டும் முன் குறைந்தது 24 மணி நேரம் நீர் தேக்கிக் காட்டுவார், கீழ்த்தளம் சொட்டாமல் இருப்பதை நீங்கள் பார்த்த பிறகே கடைசித் தவணை கொடுக்கப்படும். இதில் எதற்கு முகம் சுளித்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.